ஆடுகளத்திலிருந்து பெஞ்சுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழில்முறைக் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடிவருகிறேன். அடுத்த சீசனோடு ஓய்வு. வெளிநாட்டுச் சிறிய லீக் ஒன்றில் தலைமைப் பயிற்சியாளராக வரச்சொல்கிறார்கள். இன்னொரு நாட்டின் பெரிய கிளப்பில் துணைப் பயிற்சியாளர் வேலையும் வந்திருக்கிறது, சம்பளம் பாதிதான். ஆட்டம் எனக்குத் தெரியும். பிறகு எதற்காக இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துணைப் பயிற்சியாளர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகத் தலைமைக்குப் போனவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஜெல்கோ ஒப்ரடோவிச் 1991இல் யூகோஸ்லாவியாவின் பார்டிசான் கிளப்பில் ஆட்டக்காரராக இருந்தவர், அதே அணிக்குப் பயிற்சியாளராகி 1992இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 2009இல் அவர் பயிற்சியில் கிரீஸின் பனாதிநைகோஸ், ஐரோப்பிய கிளப்களின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கை வென்றபோது ஆடிய இரண்டு கார்டு ஆட்டக்காரர்கள் யாசிகேவிசியஸ், ஸ்பனூலிஸ். 2025 யூரோலீக் இறுதி ஆட்டத்தில் அந்த இருவரும் எதிரெதிர் பெஞ்சில் நின்றார்கள். யாசிகேவிசியஸின் ஃபெனர்பாச்சே, ஸ்பனூலிஸின் மொனாக்கோவை 81-70 என்று வென்றது. ஸ்பனூலிஸும் 2022இல் நேராகத் தலைமைப் பயிற்சியாளராகவே தொடங்கியவர்தான். ஆனால் ஒப்ரடோவிச்சும் அவரும் தொடங்கியது சொந்த நாட்டில், சொந்த மொழியில். யாசிகேவிசியஸ் சொந்த நாட்டில்கூட ஜல்கிரிஸ் கிளப்பில் துணையாக இருந்துவிட்டுத்தான் 2016இல் தலைமைக்கு வந்தார். நீங்களோ புது வேலை, புது நாடு, புது மொழி மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கப் பார்க்கிறீர்கள்.

ஆட்டம் தெரியும் என்கிறீர்கள். உங்கள் இடத்திலிருந்து தெரிவது தெரியும். பிக் அண்ட் ரோலில், அதாவது சக ஆட்டக்காரர் ஒருவர் உங்களைக் காப்பவரை வழிமறித்துவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பி ஓடும் ஆட்டத்தில், எதிரணி உயரக்காரர் பின்வாங்குகிறாரா, மேலே ஏறி வருகிறாரா என்பதைக் கண் பார்க்கும்போதே கை பாஸ் கொடுத்திருக்கும். அதை இன்னொருவருக்குச் சொல்லும்போது ‘பார்த்து முடிவெடு’ என்றுதான் வாயில் வரும். பழைய நட்சத்திரங்களின் பயிற்சி பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. பார்ப்பதற்கு ஒரே ஒரு அடையாளம் கொடுங்கள்: ஸ்கிரீன் வைப்பவரை (வழிமறிப்பவரை) காக்கும் ஆளின் கால் எங்கே? ஸ்கிரீனுக்குச் சமமாக இருந்தால் அவர் பின்னால் இடமிருக்கிறது, வளையத்தை நோக்கி ஓடுகிறவருக்குப் பாஸ். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் கீழே இருந்தால் நின்று ஷாட். காப்பவர்கள் ஆளை மாற்றிக்கொண்டால் வேகமில்லாதவர் யாரிடம் மாட்டினார் என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு விடை போதும். முதலில் மூன்றுக்கு மூன்று, நான்கு நிமிடத் துண்டுகளாக. அது பிடிபட்ட பிறகே ஐந்துக்கு ஐந்து. நீங்களே இறங்கி ஆடிக்காட்டாதீர்கள், எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

துணைப் பயிற்சியாளரிடம் முதலில் வருவது ஸ்கவுட்டிங். எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களைப் பார்த்து, அதிகம் ஓட்டும் செட்கள் (திட்டமிட்ட நகர்வுகள்), எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும் முறைகள், பிக் அண்ட் ரோலை அவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்பதைக் கிளிப்பாக வெட்ட வேண்டும். ஆறு மணி நேர வீடியோ அணிக்குக் காட்டும்போது பத்து நிமிடமாகச் சுருங்க வேண்டும். எதை விடுவது என்று தெரிந்துகொள்ள ஒரு சீசனாவது ஆகும். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தாண்டிப் போக குறுக்குவழி கிடையாது.

டைம் அவுட்டை இதுவரை தண்ணீர் குடிக்கும் நேரமாகவே பார்த்திருப்பீர்கள். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முதல் பாதியில் மிஞ்சியது அடுத்ததற்குச் சேராது. நான்காம் குவார்ட்டரில் கடிகாரம் 2:00 காட்டும்போது மூன்றும் கையில் இருந்தால் ஒன்று போய்விடும். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் பந்தோடு இருக்கும் ஆட்டக்காரரே டைம் அவுட் கேட்கலாம், ஃபிபா விதியில் பெஞ்சிலிருந்துதான் கேட்க வேண்டும். (ஓய்வுபெற்ற அதே வருடம், 2013இல், என்பிஏ பயிற்சியாளரான ஜேசன் கிட், டைம் அவுட் தீர்ந்த நேரத்தில் வேண்டுமென்றே குளிர்பானத்தைக் களத்தில் கொட்டி ஆட்டத்தை நிறுத்தினார். அபராதம் 50,000 டாலர்.) அந்த அறுபது வினாடியில் ஆட்டக்காரர்கள் வந்து உட்காரவும் துணையிடம் நீங்கள் கேட்கவும் பதினைந்து போகும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மிச்சத்தில் பாதி அவருக்கு. இரண்டு கட்டளைக்கு மேல் சொல்ல முடியாது. போகும் நாட்டின் மொழியில் முழு வாக்கியம் வராவிட்டாலும் இடது, வலது, மாற்று, உதவிக்குப் போ, பின்னால் ஓடு போன்ற களச் சொற்களில் குறைந்தது நாற்பது, முதல் பயிற்சி நாளுக்கு முன்பே வாயில் இருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. உரிம விதி ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்புக்கும் வேறு. எந்த நிலை உரிமம் வேண்டும், உங்களுடையது செல்லுமா என்று கிளப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையைவிட இரண்டு ஷரத்துகளைக் கவனியுங்கள். நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பது ஒன்று. தகராறு வந்தால் ஃபிபாவின் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்பது மற்றொன்று. அதன் சட்ட இருப்பிடம் ஜெனீவா, பயிற்சியாளர்களின் வழக்குகளையும் எடுப்பார்கள். ஆனால் இரு தரப்பும் அதற்கு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஷரத்து இல்லாத தாள் வந்தால், சேர்த்துத் தரச்சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.