பழைய விசையைத் தேடும் விரல்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தால் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் டெர்ரன் படையுடன் டைமண்ட் நிலையில் இருந்தேன். இடக்கையை விசைப்பலகையின் வலப்பக்கம் வரை நீட்டி நீட்டி மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியதால், ஐந்து வாரங்களுக்கு முன்பு ஸ்டாண்டர்ட் விசையமைப்பை விட்டுக் கிரிட் அமைப்புக்கு மாறினேன். விசைப் படத்தை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆனாலும் சண்டை மூண்டதும் விரல் பழைய இடத்துக்கே போகிறது. பிளாட்டினம் நிலைக்கு இறங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் நண்பர்களுடன் ஒரு போட்டி இருக்கிறது. பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: திரும்ப வேண்டாம், தம்பி. நீங்கள் மாறியதற்கு மணிக்கட்டு வலி காரணம் என்பதால் இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கிரிட் அமைப்பில், திரையின் மூலையில் தெரியும் ஆணைக் கட்டங்களைப் போலவே, வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 விசைகளுக்குள் எல்லா ஆணைகளும் அடங்கிவிடுகின்றன. இடக்கை நகரவே வேண்டியதில்லை. அப்படியும் வலி குறையவில்லை என்றால், முதலில் முகாம் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மனப்பாடம் செய்தும் விரல் தவறுகிறதே என்று வருந்துகிறீர்கள். படத்தை நினைவில் வைத்திருப்பதும் விரல் பழகுவதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடப்பவை. 1962இல் பிரெண்டா மில்னர் என்ற கனடிய ஆய்வாளர், புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவருடைய கை மூன்று நாள்களில் தேர்ச்சி பெற்றது. ஆனால் அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில் இல்லை. உங்கள் நிலை இதற்கு நேர்மாறானது: மனத்துக்குத் தெரிந்துவிட்டது, கைக்கு இன்னும் தெரியவில்லை. 'தசை நினைவு' என்று நாம் சொன்னாலும் அது தசையில் இல்லை. மூளைதான் செய்து செய்து அதைச் சேர்த்துக்கொள்கிறது.

பழைய பழக்கம் அழிவதும் இல்லை. புதியது அதற்குப் பக்கத்திலேயே வளர்கிறது. பதற்றம் வரும்போது இரண்டில் வலுவானது முந்திக்கொள்கிறது. குறிப்பாக டி (T) விசையைக் கவனியுங்கள். ஸ்டாண்டர்டில் ஏ தாக்குதலுக்கும், டி வீரர்களின் வேகத்தைச் சிறிது நேரம் கூட்டும் ஸ்டிம்முக்கும் உரியவை. கிரிட்டில் டி-தான் தாக்குதல். மரீன் வீரர்களுக்கு ஸ்டிம் கொடுக்க நினைத்துப் பழைய பழக்கத்தில் டி-யைத் தட்டினால் தாக்கும் ஆணைதான் கிடைக்கும். படை வேகம் பெறாமலேயே மோதும். முற்றிலும் புதிய விசையைக் கற்பதைவிட, ஏற்கெனவே ஒரு பொருள் கொண்ட விசைக்கு வேறு பொருளைக் கற்பதே கடினம். நான் தமிழ்த் தட்டச்சில் அஞ்சல் முறையிலிருந்து தமிழ்99க்கு மாறியபோது இதைத்தான் அனுபவித்தேன். அஞ்சலில் கே விசை 'க'. தமிழ்99இல் அதே விசை 'ம'. நிதானமாக எழுதும்போது பிழையே வராது. பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் மட்டும் 'க' விழ வேண்டிய இடமெல்லாம் 'ம' விழும். மற்ற எழுத்துகள் கைக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் அந்த ஒன்று அடங்கியது.

ஆகவே டி-யை உள்ளடக்கிய அசைவுகளுக்கே உங்கள் நேரத்தில் பெரும்பங்கு கொடுங்கள். படைக்குழுக்களுக்கான எண் விசைகள் மாறவில்லை என்பதால் அந்தப் பழக்கம் அப்படியே உங்களிடம் இருக்கிறது. வெள்ளி இரவு களைப்போடு வரும்போது தரவரிசை ஆட்டம் வேண்டாம். கணினிக்கு எதிராக, வேகத்தை நார்மலுக்குக் குறைத்து அரை மணி நேரம் ஆடுங்கள். தரவரிசை ஆட்டத்தின் ஃபாஸ்டர் வேகம் இதைப்போல 1.4 மடங்கு என்பதால், விரல் யோசிக்க இடம் கிடைக்கும். தவறான விசையைத் தட்டினால், அந்தச் சண்டையில் தோற்றாலும் பரவாயில்லை, நின்று சரியான விசையைத் தட்டிவிட்டே தொடருங்கள். அவசரத்தில் தட்டும் ஒவ்வொரு பிழையும் பழைய பழக்கத்துக்குச் செய்யும் பயிற்சியே.

ஸ்டிம்மை மட்டும் நூறு முறை என்று பயிலாமல், தாக்குதல், ஸ்டிம், படை உருவாக்கம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஷே, மார்கன் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். வாரத்தில் ஐந்து நாள் தொடாமல் இருக்கும் உங்களுக்கு இது மிகவும் பொருந்தும். சனிக்கிழமை காலையிலும் மாலையிலும் பிரித்து ஆடுங்கள், இரவு நன்றாக உறங்குங்கள். விரல் வரிசைகளைப் பழகியவர்கள் உறங்கி எழுந்த பின் மேலும் திருத்தமாகச் செய்வதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். தரவரிசை ஆட்டம் ஞாயிறன்று ஒன்றிரண்டு போதும். முகாமில் ஓய்வு கிடைத்தால் விசைப் படத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சண்டையை மனத்தில் ஓட்டி, முழங்காலில் விரல்களைத் தட்டிப் பாருங்கள். பழைய அமைப்பை 'ஒரே ஒரு ஆட்டத்துக்கு' என்றுகூடத் திறக்காதீர்கள். உங்கள் வார இறுதிகளைக் கணக்கிட்டால் இதுவரை பத்து நாள்தான் பயின்றிருக்கிறீர்கள். பிளாட்டினத்துக்கு இறங்கியதில் வியப்பில்லை.

கேள்வி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஒரே ஹாட்கீகளில் (ஆணை விசைகளில்) விளையாடுகிறேன். வலி எதுவும் இல்லை. நானும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம், அம்மா. சும்மா இருக்கும் குடியானவரைத் தேடும் முற்றுப்புள்ளி விசை மட்டும் இடக்கைக்குத் தொலைவாக இருந்தால், அதை அருகில் வேறு எந்த ஆணைக்கும் பயன்படாத ஒரு விசைக்கு மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.