வேலை நேரத்தில் தேவனை மறந்துவிடுகிறேனே!

கேள்வி: அதிகாலையில் எழுந்து வேதம் வாசித்து, ஜெபித்துவிட்டுத்தான் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறேன். பாலத்தைத் தாண்டி பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலைக்குள் நுழைந்துவிட்டால், இயந்திரமும் எண்ணிக்கையும் மேற்பார்வையாளரின் சத்தமும்தான் நினைவில் நிற்கின்றன. வீடு திரும்பும்போது, நாள் முழுவதும் தேவனை மறந்திருந்தேனே என்று மனம் உறுத்துகிறது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:17) என்பது என்னைப் போன்றவர்களுக்கும் பொருந்துமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் மறந்திருந்த நேரத்திலும் அவர் உங்களோடுதான் இருந்தார். "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்று யாக்கோபு சொன்னது, நன்றாகத் தூங்கி விழித்த பிறகுதான். நுண்ணிய பாகங்களைச் சோதிக்கும்போது கண்ணும் மனமும் அவற்றிலேயே பதிந்திருப்பது உங்கள் கடமை. அதை மறதிக் கணக்கில் எழுதி வருந்தத் தேவையில்லை.

இடைவிடாமல் ஜெபிக்கச் சொல்லும் பவுலின் வசனத்துக்கு நெகேமியாவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. அவர் ஆசாரியர் அல்லர், அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர். உங்களைப் போலவே, மேலிடத்தின் முகம் பார்த்து வேலை செய்தவர். துக்கமுகத்தோடு நின்ற அவரிடம், "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தம் பதிலுக்கும் நடுவே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் என்று நெகேமியா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. முழங்காலிட நேரமில்லை, கண்ணை மூடவும் வழியில்லை. என்ன ஜெபித்தார் என்பதுகூட எழுதப்படவில்லை. ஆனால் முதல் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கிஸ்லேயு மாதத்தில் உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கியவருக்கு, நிசான் மாதத்தில்தான், அதாவது ஏறக்குறைய நான்கு மாதங்களுக்குப் பிறகுதான், இந்தத் தருணம் வாய்த்தது. அந்த நொடி ஜெபத்துக்குப் பின்னால் இத்தனை நாள் ஜெபம் இருந்தது. ஆகையால் உங்கள் அதிகாலை வேளையை எக்காரணத்துக்காகவும் குறைத்துவிடாதீர்கள்.

மணிக்கொரு முறை கைப்பேசியை ஒலிக்கவிட்டு ஜெபிக்கும்படி சிலர் சொல்வார்கள். உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசிக்கே இடமில்லாத உங்களுக்கு அது உதவாது. வெளியே இருப்பவர்களுக்கும் நான் அதை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. வேலையிலேயே இருக்கும் இடைவெளிகள் போதும். நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காதபடி அணியும் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்துப் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் அந்த ஓரிரு நொடிகளில், "கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்" என்ற பதினாறாம் சங்கீத வரியைச் சொல்லிக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் சத்தம் போடும்போது, பதில் சொல்வதற்கு முன் நெகேமியா செய்ததையே செய்யுங்கள். கடினமான இடம் அதுதான். பல நாள் வாய் முந்திக்கொள்ளும்.

1691ஆம் ஆண்டில் மறைந்த சகோதரர் லாரன்ஸ் என்னும் கார்மேல் சபைத் துறவி, பாரிஸ் மடத்தின் சமையலறையில், தமக்கு இயல்பாகப் பிடிக்காத அந்த வேலையினூடே தேவனை நினைத்திருக்கப் பழகியவர். அவருக்கே முதல் பத்து ஆண்டுகள் பெரும் போராட்டமாக இருந்தன. மறந்துவிட்டதை உணரும்போது, அதற்காக நெடுநேரம் தம்மையே நொந்துகொள்ளாமல், தவற்றை அறிக்கையிட்டுவிட்டு மறுபடியும் தேவனிடம் திரும்புவது அவர் வழக்கம். பேருந்தில் உறுத்தல் எழும்போது நீங்களும் அப்படியே செய்யலாம்.

இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் அதிகாலை ஜெபத்தை வேலைக்குப் புறப்படும் முன் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் கட்டளையில்லை.