வாசகர் கேள்வி – பதில்: எரிமலைத் தீவின் பச்சைக் கற்கள்

கேள்வி: ட்ரெம்ப்ளே கடற்கரையில் கறுப்பு மணலோடு பச்சைப் பொடிகள் மின்னுகின்றன. மரகதம் என்கிறார்கள். பொறுக்கி மோதிரத்தில் பதிக்கலாமா?
– வாசகி, சேந்த் ஆந்த்ரே

பதில்: மரகதம் இல்லை, ஒலிவின் என்ற பச்சைக் கனிமம். மரகதம் விளையப் பெரிலியம் வேண்டும். நம் ரெயூனியன் தீவின் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் அதற்கு வழியில்லை. ஒலிவினில் இருப்பது மக்னீசியம், இரும்பு, சிலிக்கா. எரிமலைக் குழம்பு தரைக்கு வருமுன், ஆழத்திலேயே சுமார் 1,200 டிகிரி சூட்டில் முதலில் கட்டியாவது அதுதான். 2007 ஏப்ரலில் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் வெடித்தபோது ட்ரெம்ப்ளே பக்கம் கடலில் இறங்கிய குழம்பில் ஒலிவின் ஏராளமாக இருந்தது. குழம்பு கடல்நீர் பட்டுச் சிதறி, அலையில் அரைபட்டு மணலானது.

தெளிந்த ஒலிவினைத்தான் நகைக்கடையில் பெரிடாட் என்கிறார்கள். ஆனால் இங்கே மணிகள் சில மில்லிமீட்டர்தான். உள்ளே விரிசலும் இருக்கும். பட்டை தீட்டினால் பாதிக்கு மேல் எடை தேய்ந்துவிடும். செம்பழுப்பு ஏறிய மணி, இரும்பு துருவேறிச் சிதைந்தது, தீட்டும்போதே உதிரும்.

நம் தீவு பிரான்சைச் சேர்ந்தது; கடற்கரை மணலை அள்ளிப் போவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காவின் மையப் பகுதியிலும் கல் எடுக்கக் கூடாது. அங்கேயே பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு சிட்டிகை உலர்ந்த மணலை வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, பாலித்தீன் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாது ஒட்டிக்கொள்ளும்; பச்சை மணிகள் தங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு தெரியும். அந்த அழகுக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: 'தீவின் எரிமலைக் கல்' என்று சொல்லி 5 காரட் பச்சைக் கல் விற்றார்கள். பெரிடாட்தானா?
– வாசகர், சேன் பியேர்

பதில்: அவ்வளவு பெரிய தெளிந்த கல் பர்மாவின் மோகோக் பக்கமோ பாகிஸ்தானோ அரிசோனாவோ தந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிடாட்தானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம்.

லென்ஸை வைத்து மேல்முகம் வழியாகப் பின்பக்கப் பட்டைகளைப் பாருங்கள். பெரிடாட்டில் விளிம்புக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். ஒரு கோணத்தில் தெரியாவிட்டால் கல்லைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் இரட்டிக்காது, உருண்டைக் குமிழிகள் இருக்கலாம்.

அடுத்து எடை. 0.01 கிராம் காட்டும் தராசில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். 5 காரட் என்றால் 1.00 கிராம். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். கல்லின் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 0.30 காட்டினால் அடர்த்தி 3.33, பெரிடாட்டுக்குப் பொருந்தும். மரகதமாக இருந்தால் 0.37 அளவில் வரும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விடுங்கள். 1 காரட் கல்லுக்கு இந்த முறை உதவாது, 0.01 பிசகினாலே விடை 2.9 முதல் 4 வரை ஆடும். மோதிரத்தில் பதித்த கல்லையும் இப்படிப் பார்க்க முடியாது.

பெரிடாட்தான் என்று தெரிந்தால், மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். திடீர்ச் சூட்டில் வெடிக்கும். அல்ட்ராசோனிக், நீராவிக் கழுவல் இரண்டும் ஆகாது.

கேள்வி: சிலாவோஸ் பக்கத்துப் பாறைக் குழிகளில் வெள்ளை ஊசிபோல் இருப்பது குவார்ட்ஸா? பழைய துண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, வினிகரில் கழுவலாமா?
– வாசகர், சேன் லூயி

பதில்: ஊசியாக இருந்தால் பெரும்பாலும் நேட்ரோலைட், சாய்சதுரக் கட்டியாக இருந்தால் சாபசைட். இரண்டும் ஜியோலைட் வகை. பழைய எரிமலைப் பாறையின் வாயுக் குழிகளில் சூடான நீர் ஓடி விளைந்தவை. வினிகர் வேண்டாம்: அமிலம் நேட்ரோலைட்டைக் கூழாக்கும், கூடவே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருந்தால் நுரைத்துக் கரையும். பச்சைத்தண்ணீர், மென்மையான பல்துலக்கி போதும். அடுப்பருகிலோ வெயிலிலோ உலர்த்தாதீர்கள்; ஜியோலைட்டின் உள்ளேயே நீர் இருக்கிறது, சூடேறினால் அது வெளியேறும்; நிழலில் உலரட்டும்.