மண் அலைக்கு எவ்வளவு சரிவு?

கேள்வி: வாஷிங்டன் வியட்நாம் நினைவுச்சுவரை வடிவமைத்த மாயா லின், மண்ணையே அலையலையாக்கிச் சிற்பம் செய்தாராமே? எங்கள் பூங்காவில் அதுபோல் முடியுமா?
- வாசகர், புளியரை

பதில்: தாராளமாக. நியூயார்க் மாநிலத்து ஸ்டார்ம் கிங் கலை மையத்தில், பழைய சரளைக் குழி ஒன்றில் 7 வரிசை அலைகள் செய்தார், 2009-ல் திறந்தார்கள். உயரம் 10 முதல் 15 அடி. உங்களுக்கு 3 அடி போதும், ஆசைப்படாதீர்கள்.

1 அடி உயரத்துக்கு 3 அடி கிடை என்று சரிவு வையுங்கள். இன்னும் செங்குத்தானால் உங்கள் ஊர்ச் சாரலே கோடு கோடாக அரித்துவிடும். புல்லும் வெட்ட முடியாது. மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, லேசாக நனைத்து, திமிசுக்கட்டையால் இறுக்குங்கள். மொத்தமாகக் குவித்தால் முதல் மழையில் உட்காரும். மேலே அரையடி வளமான மண், அருகம்புல். ஜனவரியில் தொடங்கித் தண்ணீர் விட்டு வளர்த்தால் ஜூனுக்குள் வேர் பிடிக்கும்.

பலரும் கோட்டைவிடுவது பள்ளத்தில்தான். இரு அலைகளுக்கு நடுவே 100 அடிக்கு 1 அடியாவது வாட்டம் கொடுத்து, ஓர ஓடைக்கு நீரை இழுங்கள். இல்லையென்றால் சேறும் கொசுவும்தான்.

பெயர்ப்பலகைக்குக் கறுப்பு கிரானைட் போடலாம். வாஷிங்டன் சுவரின் கல்லே பெங்களூர்ப் பக்கமிருந்து போனதுதான்!