பச்சைக் குரோமிஸ் கூட்டம் ஒவ்வொன்றாகக் குறைவது பற்றி

வணக்கம். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் விட்ட ஏழு பச்சைக் குரோமிஸ் மீன்கள் இரண்டு மாதத்தில் மூன்றாகிவிட்டன, நீர்ப் பரிசோதனையிலோ குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பவளத்திட்டில் பெருங்கூட்டமாக வாழும் இம்மீன்கள், தொட்டியின் குறுகிய இடத்தில் தங்களுக்குள் வலிமை வரிசையை வகுத்துக்கொண்டு, கடைசியில் நிற்பதை விரட்டி விரட்டி உணவுக்கே வரவிடாமல் செய்துவிடுவதுண்டு. அது இறந்ததும் அடுத்ததன் முறை வருகிறது. இறந்தவற்றின் விலாவில் சிவந்த புண் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் யூரோனீமா என்னும் ஒட்டுண்ணியையே நான் முதலில் சந்தேகிப்பேன், இப்போதைக்குப் புதிய மீன் எதையும் சேர்க்க வேண்டாம். புண் இல்லையெனில், அன்றாடத் தீனியை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து, தொட்டியின் இரு முனைகளிலும் தூவுங்கள். எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஒரேயொரு குஞ்சை மட்டும் வாங்கிச் சேர்த்தால், அதுவே அடுத்த பலியாகும்.