வெறும் பாறைதானே?

வணக்கம் ஐயா,

மதுரை பைபாஸ் ரோடு பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. மாமியார் எங்களோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு முழங்கால் வலி. கணவருக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. பிள்ளைகள் "எங்கேயாவது போலாம்" என்று ஆரம்பித்தால் மாலுக்குக் கூட்டிப்போகிறோம். வருடத்துக்கு ஒருமுறை கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டினால் சின்னவனுக்கு வாந்தி, மேலே போனால் டிராஃபிக், இப்போது இ-பாஸ் வேறு. நான் ஐப்பசி மழையில் பச்சையாகிக் கிடக்கும் நம் ஊர் மலைகளைப் பார்த்துவிட்டு, இங்கேயே போகலாமே என்றேன். "வெறும் பாறைதானே, அதில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது" என்கிறார் கணவர். காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற மாதிரி பத்து இடம் பட்டியல் போட்டுக் கொடுங்கள். வாரம் ஒன்றாக முடித்துவிடுகிறோம்.

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

பத்து தரமாட்டேன். இரண்டு மலை தருகிறேன், மாமியாருக்குத் தோதாக இன்னும் ஒன்றிரண்டு இடம். வாரம் ஒன்றாக 'முடிக்க' ஆரம்பித்தால் நான்காவது வாரம் உங்கள் வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து இடத்தின் பெரிய வசதியே திரும்பத் திரும்பப் போகலாம் என்பதுதான். கொடைக்கானல் போனால், செலவழித்தாயிற்றே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்கவேண்டியிருக்கிறது. இங்கே பையன் சிணுங்கினால் ஒன்பது மணிக்கே வண்டியைத் திருப்பிவிடலாம். விட்டதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கீழக்குயில்குடி சமணர் மலை. உங்கள் வீட்டிலிருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், அரை மணி நேரம்கூட ஆகாது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மாமியாரை ஆலமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே ஏறலாம். பாறையில் படி வெட்டி, பிடித்து ஏறக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். ஆறு வயதுப் பையன் உங்களுக்கு முன்னால் ஏறி நின்றுகொண்டு "என்னம்மா, வாங்க" என்பான்.

பாதி மலையில் பேச்சிப்பள்ளம். அங்கே பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். தயவுசெய்து இங்கே சமண வரலாறு எடுக்காதீர்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருப்பவர்கள் எத்தனை பேர், காலில் கொடி சுற்றியிருப்பவர் எவர் என்று மட்டும் கேளுங்கள். தேடிக் கண்டுபிடித்த பிறகு, பாம்புக் குடைக்காரர் பார்சுவநாதர் என்றும், அசையாமல் நின்றே தவம் செய்ததில் கொடி படர்ந்துவிட்டவர் பாகுபலி என்றும் சொன்னால் போதும். நாற்பது வயதுக்காரர்களுக்கும் இந்த முறை வேலை செய்யும்.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நாகமலை நீட்டிப் படுத்திருப்பதும், கண்மாய்களும் தென்னந்தோப்புகளும், கடைசியில் நம் ஊரும் அங்கிருந்து தெரியும். தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் சண்டை போடட்டும்.

மலையின் தென்மேற்கில் செட்டிப்புடவு. குகை வாசலுக்கு இடப்புறம் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் அருகர் ஒருவர், அமர்ந்திருக்கிறார். தொங்கும் காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே போய்க் கழுத்தை வளைத்து மேலே பாருங்கள். கூரை வளைவில் சின்னதாக ஐந்து சிற்பங்கள். முதலாவதில் சிங்கத்தின்மேல் வில்லோடு ஒரு பெண், எதிரே யானைமேல் ஒருவன். யார் ஜெயித்தது என்று உங்கள் மகள் கேட்பாள். அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஒரே காலையில் பார்க்க வேண்டாம். பேச்சிப்பள்ளம் ஒருமுறை, செட்டிப்புடவு இன்னொருமுறை. இப்போதே போவதானால் மழை விட்ட மறுநாள் காலையாகப் பாருங்கள். அடிவாரத்து ஈர மண்ணில் தம்பலப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். ரத்தச் சிவப்பில், உடம்பெல்லாம் பட்டு முடியோடு, பட்டாணிக்கும் சிறியது. தொட்டால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி நடக்கும். மழைக்காலம் போனால் வெளியே தலைகாட்டாது. உங்கள் பையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் மலை ஏறாவிட்டாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். தையில் வந்தால் அதே இடத்தில் வேறு பூச்சி, வேறு பூ. அன்றைக்குத் தம்பலப்பூச்சி எங்கே போயிற்று என்று அவனே கேட்பான்.

இரண்டாவது, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இந்த ஊரைத்தான். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஏழு மலை, நிறையச் சுனை, நிறையக் கண்மாய். பறவைகளில் மட்டும் 250 வகை என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். வல்லூறு, லகுடு, ராசாளி என்று மூன்று வேட்டைப் பறவைகள் இதில் முக்கியம். அவை நீங்கள் போகிற ஞாயிறு பார்த்து வரும் என்று சொல்லமுடியாது. மீன்கொத்தியும் நீர்க்காகமும் கட்டாயம் இருக்கும்.

அங்கே கழிஞ்சமலைக் குகையின் நெற்றியைக் கவனியுங்கள். நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். சொம்பை மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் நேரே விழாமல் விளிம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் வழியுமே, பாறையிலும் மழைத்தண்ணீர் அதே வேலையைச் செய்யும், வளைவைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் வந்துவிடும். நடுவில் காடி வெட்டிவிட்டால் அதைத் தாண்டமுடியாமல் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே படுத்திருக்கும் துறவிக்கு நனையாது. தமிழி (தமிழ் பிராமி) என்ற அந்தக் காலத்து எழுத்தில் ஒரு கல்வெட்டும் அங்கே இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்று பொருள் சொல்கிறார்கள். 2000 வருடத்துக்கு மேல் பழையது. காடி மழையிலிருந்து காப்பாற்றியதால்தான் பிழைத்தது என்பது என் ஊகம். உங்கள் வீட்டுக்காரர் கட்டட வேலை தெரிந்தவராக இருந்தால், வெறும் பாறை என்றவர் இந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இன்றைக்கும் நம் வீட்டு சன்ஷேடு அடியில் கொத்தனார் கோடு இழுத்துவிடுவது இதற்காகத்தான்.

மலைக்கு இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்த சிவன் கோயில், முற்காலப் பாண்டியர் காலத்தது. சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் சிற்பம் தமிழ்நாட்டில் அரிது, இங்கே இருக்கிறது. அப்புறம் ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் ஒரு நடை. மலையில் விழுகிற மழை எந்த வழியாகக் கண்மாய்க்கு வருகிறது, எந்த மடையில் வயலுக்குப் போகிறது, நிறைந்தால் எங்கே மறுகால் பாயும் என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். கரையில் மாடு மேய்க்கிற யாரிடமாவது கேட்டால் கைநீட்டிக் காட்டிவிடுவார்கள்.

இந்தப் பாறையின் மதிப்பை ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மொத்தமும் கிளம்பின. டிசம்பரில் சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். ஜனவரியில் மதுரை வரை ஊர்வலமாக வந்தார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆகவே அங்கே போகும்போது டூரிஸ்ட் மிதப்பு வேண்டாம். ஊரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பிட்ட பேப்பரையும் பாட்டிலையும் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனிக் கவனிக்கவேண்டியவை. ஆறு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள், அதற்குமேல் கால் வைக்கமுடியாது. சித்திரை, வைகாசியில் இரண்டு மலைக்கும் லீவு விட்டுவிடுங்கள். சுனையில் இறங்கவிடாதீர்கள், பாசி வழுக்கும், ஆழமும் தெரியாது. பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் கல் எறியாமல், சத்தம் போடாமல் விலகிவிடவேண்டும். மேலே கழிப்பறை கிடையாது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு இட்லியில் பொடி தடவி எடுத்துக்கொண்டால் போதும், கெடாது, ஒழுகாது. சிற்பத்தில் பேர் கீறியிருக்கும் புண்ணியவான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவர்கள் யார் என்று கேட்டால் "திருடர்கள்" என்று சொல்லுங்கள், மிகையில்லை.

மாமியாருக்காக ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். ஒத்தக்கடை பக்கம் நரசிங்கம் போனால் யானைமலையின் காலடியிலேயே நரசிங்கப் பெருமாள் குடைவரை, மலை ஏறவேண்டியதில்லை. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770இல் குடைவித்தது. வேலை முடியுமுன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். வெயில் காலமானால் அழகர்கோயில். மேலே சோலைமலைக்கும் நூபுர கங்கைக்கும் வண்டி போகிறது, வழியெல்லாம் மரநிழல், அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வரலாம். கீழே கோயிலில் நெய்யில் வெந்த தோசை பிரசாதம் கிடைக்கும். வாங்கியதும் பைக்குள் போட்டுவிடுங்கள். அந்த ஊர்க் குரங்குகளுக்கு உங்கள் பையனைவிடக் கை நீளம்.