மார்ச்சில் மாஸ்கோ போகலாமா?

கேள்வி: 64 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாஸ்கோ போகிறோம். ஜனவரிக் குளிருக்குப் பயந்து மார்ச் இரண்டாம் பாதியில் போவதாக இருக்கிறோம். அப்போது குளிர் குறைந்திருக்கும்தானே?

பதில்: குறைந்திருக்கும். ஆனாலும் அம்மா வருவதால் சொல்கிறேன், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் அங்கே ஆறு குளிர்காலம் இருந்தவள். மைனஸ் 15 டிகிரியில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. மணிக்கட்டு உடைந்தது ஒரு மார்ச் மாதக் காலையில்தான். முந்தின நாள் பகலில் வெயில் அடித்துப் பனி உருகி ஓடியிருந்தது. ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியதும் அந்தத் தண்ணீர் அப்படியே கண்ணாடியாக உறைந்துவிட்டது. பார்வைக்கு வெறும் ஈரத்தரை. கால் வைத்ததும் வழுக்கிவிட்டது. அதே பருவத்தில்தான் கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகளும் விழும். நடைபாதையை நாடா கட்டி மறித்திருந்தால் தயவுசெய்து சுற்றிப் போங்கள். பனிச்சேறு ஷூவுக்குள் இறங்கிக் கால் நனைந்துவிட்டாலோ, 2 டிகிரி குளிர்கூட மைனஸ் 10-ஐவிட வாட்டும்.

முடிந்தால் பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கு மாற்றுங்கள். அந்த மாதச் சராசரி மைனஸ் 6 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாள் மைனஸ் 20 வரைகூடப் போகலாம். ஆனால் உலர்ந்த பனியில் கால் பிடித்து நடக்க முடியும். டிசம்பர் கடைசியில் 7 மணி நேரம்தான் பகல். பிப்ரவரி கடைசியில் அது 10 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

உடை விஷயத்தில் பலரும் வெளிக்குளிரை மட்டுமே நினைத்துக்கொள்கிறார்கள். மெட்ரோவும் மியூசியமும் நன்றாகச் சூடாக இருக்கும். உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்தால்தான் உடம்பு நடுங்கும். அதனால் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி மூன்று அடுக்காகப் போடுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி நல்லது. மியூசியத்தில் நுழைந்ததும் கோட்டை வாங்கி வைக்க 'கார்தெரோப்' என்று ஒரு இடம் இருக்கும், தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும்.

கேள்வி: குளிரே வேண்டாம் என்றால் எப்போது போகலாம்?

பதில்: மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை. மே தொடக்கத்தை நம்பாதீர்கள். செரியோமுகா மரம் பூக்கும் சமயத்தில் ஒரு குளிர் திரும்பி வரும், ஊர்க்காரர்கள் அதற்கு அந்த மரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜூலைச் சராசரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் கடல் இல்லாத ஊர், வெயில் ஏறினால் தணிக்க ஒன்றும் இல்லை. 2010 ஜூலை 29 அன்று 38 டிகிரியைத் தாண்டியது. மழையும் கோடையில்தான் அதிகம், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செப்டம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு ஒன்று. வீடுகளில் ஹீட்டிங்கை நகரம் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் தொடங்குவார்கள். வழக்கமாக, நாள் சராசரி 8 டிகிரிக்குக் கீழே ஐந்து நாள் தொடர்ந்து இருந்தால்தான். அதுவரை வாடகை வீட்டு அறை சில்லென்று கிடக்கும். தூங்கும்போது போட ஒரு கம்பளி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.